காதைத் தொட்டவள்

நம் வயதுக்காரர் எல்லோரும் அதைத் தொட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குள் போனோம். வலது கையைத் தலைக்கு மேலால் வளைத்துக் கொண்டுபோய் இடது காதைப் பிடிக்க வேண்டும். விரல் எட்டினால் பாலர் வகுப்பு. எட்டாவிட்டால் அடுத்த தை மாதம் வரைக்கும் வீடு. பிறப்புச் சாட்சிப் பத்திரம் தலைமை ஆசிரியரின் மேசையில் விரித்தபடி கிடக்கும். அதில் பிறந்த தேதி மையால் எழுதியிருக்கும். இருந்தும் தொடச் சொல்வார்கள். எங்கள் தலைமை ஆசிரியர் அதற்கு ஒரு வாய்ப்பாடே வைத்திருந்தார்: "கை எட்டினால் புத்தியும் எட்டும்."

பிற்காலத்தில் இதைப் பற்றித் தேடி வாசித்தேன். குழந்தைக்குத் தலை பெரிது, கை குட்டை. வளர வளரக் கை நீளும். அவ்வளவுதான். அந்தச் சோதனை கையை அளந்தது. நாங்கள் ஒரு தலைமுறை முழுக்க அதைப் புத்தி என்று நம்பினோம்.

நான் எதற்கும் தேதி போடுகிறவன். வீட்டுக்கு மின்சாரம் வந்த நாள், கிணறு வற்றிய மாதம், எந்தக் கப்பல் எப்போது உள்துறைமுகத்தை விட்டு வெளிக்கிட்டது என்பதையெல்லாம் கேட்டால் சொல்வேன். இந்தக் கதைக்கு மட்டும் ஆண்டைப் போடவில்லை. போட்டால் எந்தப் பாடசாலை, எந்த வைத்தியர் என்று யாராவது விரல் மடக்கிக் கணக்குப் பார்ப்பார்கள். மாதங்களை மட்டும் சொல்கிறேன். ஐப்பசியில் தொடங்கி, அடுத்த ஆவணியில் முடிந்தது. முடிந்தது என்று அப்போது நினைத்தோம்.

அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞர். ஓர்ஸ் ஹில் குன்றின் ஏற்றத்தில் எங்களுக்கு அரசாங்க விடுதி வீடு. முன்வேலி முழுக்கச் செவ்வரத்தை, அதாவது செம்பருத்தி. குசினி யன்னலால் பார்த்தால் துறைமுகத் தண்ணீர் ஒரு துண்டு தெரியும். அந்தத் துண்டுக்குள் ஒரு கப்பல் வந்து நின்றால் குசினியே இருட்டிப் போனதுபோல் இருக்கும். நான் ஐந்தாம் வகுப்புக்குப் போகக் காத்திருந்தேன். தங்கச்சி எனக்கு நான்கு வயது இளையவள்.

அவளுடைய முகத்தில் ஒன்றும் தெரியாது. அதுதான் அவளுக்கு முதல் வந்த கேடு. வட்ட முகம், நீண்ட இமை, சுருட்டை மயிர். வருகிறவர்கள் எல்லாம் தூக்கிக் கொஞ்சினார்கள். அவள் யாரையும் எதையும் விரலால் சுட்டிக் காட்டியதில்லை என்பதை அவர்கள் காணவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் நம் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அகப்பையைப் பிடிப்பதுபோல் நம் கையைப் பிடித்து, அந்தப் பொருளின் மேல் வைப்பாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவாள். "கதவைச் சாத்து" என்றால் சிரிப்பாள். மூன்று வயது ஆகப் போகும்போதுதான் நடந்தாள். நான்கு வயது தாண்டியும் ஒரு சொல் இல்லை.

அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்விட்டு எங்கள் வீட்டுக்கு வருவா. கதிரையில் இருந்து விபூதித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவைச் சீண்டுவா.

"மச்சாள், இவளின்ர நாக்கை எங்க ஈடு வைச்சனீங்கள்?"

"உங்கட தம்பியைக் கேளுங்கோ," என்பா அம்மா. "அவரும் பிந்தித்தானாம் கதைச்சவர்."

"ஓம், அவன் பிந்தித்தான் கதைச்சவன். பிறகு நிப்பாட்டேல்லையே."

அப்பா பத்திரிகைக்குப் பின்னால் இருந்து சொல்வார்: "பிந்திக் கதைக்கிற பிள்ளைதான் பெரிய ஆளா வரும். அவசரப்படாதேங்கோ."

எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பா. ஆனால் அம்மாவுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒரு மத்தியானம் நான் குசினி வாசலில் நின்றேன். தங்கச்சி நிலத்தில் குந்தியிருந்து அரிசியை அளைந்துகொண்டிருந்தாள். அம்மா அவளுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து நின்று, சோற்றுப் பானை மூடியைச் சீமெந்து நிலத்தில் போட்டா. தங்கச்சி திடுக்கிட்டுத் திரும்பினாள். அம்மா மறுபக்கம் போய், இந்தமுறை ஒரு கரண்டியை மெல்லத் தட்டினா. அதற்கும் திரும்பினாள். அம்மா அப்படியே நிலத்தில் குந்தி அழத் தொடங்கினா. பிள்ளைக்குக் காது கேட்கிறது என்பதற்காக ஒரு தாய் அழுததை நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான். செவிடாய் இருந்திருந்தால் அதற்கு ஒரு பேர் இருந்திருக்கும். வெளியே சொல்லக்கூடிய பேர்.

அந்த மாரி முழுக்க வீட்டில் இரண்டு விஷயங்கள்தான் கதை. ஒன்று, சாம்பல்தீவில் இருந்த சித்திக்கு, அதாவது அம்மாவின் தங்கைக்கு, மாமி கொண்டுவந்த சம்பந்தம். மாப்பிள்ளை பகுதியார் பெண்ணைப் பார்த்துப் பிடித்துப் போய்விட்டார்கள். இனிக் குடும்பத்தைப் பற்றி விசாரிப்பார்கள். மற்றது, தையில் தங்கச்சியைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது. இரண்டும் ஒன்றுதான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. சேர்க்கும் வயதில் சேர்க்காவிட்டால் ஏன் என்று மாமி கேட்பா. மாமி கேட்டால் மாப்பிள்ளை வீடு கேட்கும்.

ஆகவே அம்மா தங்கச்சிக்குக் காதைத் தொடப் பழக்கினா. "காதைத் தொடு" என்று சொன்னால் அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. கையைப் பிடித்து வளைத்து வைத்தால் வைத்த இடத்திலேயே விட்டுவிடுவாள். பல நாள் அப்படிப் போயிற்று. பிறகு ஒரு காலை அம்மா வேலியில் ஒரு செவ்வரத்தம்பூவைப் பிடுங்கி அவளுடைய இடது காதில் செருகி, வலது கையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய்ப் பூவைப் பிடிக்க வைத்தா. பூ கையில் வந்ததும் தங்கச்சி அதை உற்றுப் பார்த்தாள். அம்மா உள்ளங்கையை நீட்டினா. அவள் பூவை அதில் வைத்தாள்.

"என்ர கெட்டிக்காரி," என்றா அம்மா, கன்னத்தைப் பிடித்து ஆட்டி. ஒரு கற்கண்டும் வாயில் விழுந்தது.

அதற்குப் பிறகு பூ இருந்தால் போதும். சொல்லுகூடத் தேவையில்லை. ஒவ்வொரு காலையும் பூ, கை, பூவை நீட்டுவது, "கெட்டிக்காரி", கற்கண்டு. பூவில்லாமல் செய்து பார்த்தால் கை எழும்பாது. மார்கழி நடுவில் ஒருநாள் பூவை நீட்டும்போது அவளுடைய வாயில் "பூ" என்று ஒரு சத்தம் வந்தது. அவளுடைய முதல் சொல் அது. அப்பா துறைமுகத்தால் வந்ததும் அம்மா வாசலிலேயே சொன்னா. அப்பா, "நான் சொன்னனான் தானே," என்றார். அவருக்கு அந்த ஒரு சொல் அன்று இரவுச் சாப்பாட்டுக்கே போதுமாய் இருந்தது.

பள்ளிக்கூடம் போகும் நாளுக்கு முதல் நாள் மழை விடாமல் பெய்தது. பூவெல்லாம் அடிபட்டு விழுந்துவிடும் என்று பயந்து அம்மா பின்னேரமே நல்ல மொட்டாக ஒன்றைப் பிடுங்கி, விளிம்பு நெளிந்த ஒரு தகரப் பேணியில் தண்ணீர் விட்டு வைத்தா. அந்தப் பேணி பிறகு இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. அதைப் பற்றி நினைத்தால் இப்போதும் எனக்கு ஒருவிதமாய் இருக்கும். காலையில் பூ விரிந்திருந்தது.

நானும் கூடப் போனேன். தலைமை ஆசிரியரின் அறையில் நனைந்த குடைகளின் வாசமும் சுண்ணாம்பு வாசமும். எங்களுக்கு முன்னால் நின்ற பையன் பயத்தில் இரண்டு காதையும் இரண்டு கையால் பொத்திக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எங்கள் முறை. தலைமை ஆசிரியர், "பிள்ளை, காதைத் தொடு பாப்பம்," என்றார். தங்கச்சி கையைத் தலைக்கு மேலால் அழகாகக் கொண்டுபோய், பூவை எடுத்து, அவருக்கு நீட்டி, "பூ" என்றாள்.

மனுசன் குளிர்ந்துபோனார். பூவை வாங்கி மேசையில் வைத்தார்.

"கெட்டிக்காரி. தொடச் சொன்னால் காணிக்கையும் தாறாள். எழுதுங்கோ பேரை."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்தினா. அது சந்தோசம் என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார்.

பாலர் வகுப்பும் என் வகுப்பும் ஒரே மண்டபத்தில், நடுவில் அரைச்சுவர். எழும்பி நின்றால் அந்தப் பக்கம் தெரியும். தங்கச்சி கடைசி வாங்குப் பலகையில் இருந்தாள். சிலேட்டைத் தண்ணீர் தொட்டுத் துடைத்து, அந்த ஈரத்தை மணந்து பார்ப்பாள். சிலவேளை நக்குவாள். ஒரு தவணை போயும் ஒரு கோடு இழுக்கவில்லை. பாலர் வகுப்பு ரீச்சர் கெட்டவ என்று நான் சொல்ல மாட்டேன். ஐம்பது பிள்ளைகளுக்கு அவ ஒருத்தி. ஆனால் அவவுக்கு ஒரு தண்டனை இருந்தது: எழுதாத பிள்ளை எழும்பிக் காதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"எழும்பு. பிடி காதை."

தங்கச்சி எழும்பினாள். அந்த நேரத்துக்குள் 'காது' என்ற சொல்லும் பூவோடு சேர்ந்து அவளுக்குள் போயிருக்க வேண்டும். வலது கையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய் இடது காதைத் தடவினாள். பூ இல்லை. உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பிறகு அந்த வெறுங்கையை ரீச்சரிடம் நீட்டிச் சிரித்தாள்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது.

"என்ன, எனக்குப் பகிடி விடுறியோ? நீட்டின கையை அப்பிடியே வைச்சிரு," என்றா ரீச்சர், கோடு போடும் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு.

அது ஒருநாளோடு நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் நீட்டினாள். ஒவ்வொரு முறையும் அடி விழுந்தது. நீட்டினால் கற்கண்டு வரும் என்று பழகிய கை அது. அடி வாங்கிய பிறகும் அடுத்த நாள் நீட்டியது. ஒரு பிள்ளை அடியிலிருந்தும் ஒன்றைக் கற்றுக்கொள்ளவில்லை என்றால், அந்தக் கட்டத்திலாவது யாராவது யோசித்திருக்க வேண்டும். 'திமிர்' என்றுதான் யோசித்தார்கள்.

வைகாசியில் அடிமட்டத்தின் விளிம்பு பட்டு விரல் மூட்டு வெடித்து வீங்கியது. அம்மா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனா. அப்பாவுக்கு வேலை. துணைக்கு நான் போனேன். மருந்து கட்டிய டொக்டர் இளம் ஆள், ஊருக்குப் புதிது. கட்டும்போது தங்கச்சியோடு கதை கொடுத்துப் பார்த்தார். பேர் கேட்டார். சிரித்தாள். இரண்டு நெருப்புப் பெட்டியைக் கொடுத்து ஒன்றின்மேல் ஒன்றை வைக்கச் சொன்னார். ஒன்றை வாயில் வைத்தாள். அவர் கதிரையை இழுத்து அம்மாவுக்கு முன்னால் போட்டு இருந்தார்.

"அம்மா, கோவிக்காதேங்கோ. இந்தப் பிள்ளைக்கு மூளை வளர்ச்சி வயதுக்குக் காணாது போல கிடக்கு. கொழும்பில இதுக்கெண்டு பாக்கிறவை இருக்கினம். நான் கடிதம் தாறன். அவை பழக்கிற விதம் வேற. அடிச்சுப் பழக்கேலாது."

அந்த அறையில், அந்த நேரத்தில், அவளுக்கு ஒரு கதவு திறந்திருந்தது. நான் அதை இப்போது எழுதுகிறேன். அப்போது கண்டது அம்மா முந்தானையை விரலில் சுற்றுவதை மட்டும்தான்.

"உறுதியாச் சொல்ல முதல் சில விஷயம் தெரியவேணும்," என்றார் டொக்டர். "எத்தினையாம் மாசம் பிள்ளை தானா நிமிந்து இருந்தது?"

"எட்டாம் மாசம்," என்றா அம்மா.

"நடந்தது?"

"முதலாம் பிறந்தநாளுக்கு. கேக் வெட்டேக்க ஓடித் திரிஞ்சவள்."

"கதை?"

"ஒண்டரை வயதில. முதல் சொன்ன சொல்லு கப்பல். குசினி யன்னலால பாத்து."

அவையெல்லாம் என்னுடையவை. அம்மா வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடமானவை. எட்டாம் மாசம் நிமிர்ந்து இருந்ததும், பிறந்தநாளில் நடந்ததும், கப்பல் என்றதும் நான்.

"அம்மா," என்றேன், "அது நானல்லோ."

அம்மா திரும்பவில்லை. டொக்டர் சிரித்தார்.

"தம்பியும் கப்பல் எண்டுதான் சொன்னவரோ? துறைமுகத்துப் பிள்ளையள்."

"அவனுக்கு எல்லாத்திலயும் பங்கு வேணும்," என்றா அம்மா. "தம்பி, நீர் வெளியில போய் நில்லும்." கோபம் வந்தால்தான் அம்மா என்னை 'நீர்' என்பா.

வெளியில் நின்றபடியே மிச்சத்தைக் கேட்டேன். டொக்டரின் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. வரிசையில் வாசல்வரை ஆட்கள். அவர் சொன்னார்: "அப்பிடியெண்டா நல்லது. காலத்துக்கு எல்லாம் நடந்திருக்கு. மூளையில பிழை இருக்க ஏலாது. இது பயமாயிருக்கும், இல்லாட்டிச் சோம்பல். வீட்டில கொஞ்சம் கவனிச்சுப் படிப்பியுங்கோ."

கீழே இறங்கி வரும்போது அம்மா என் தோளைப் பிடித்திருந்தா. "சித்தியின்ர கலியாணம் முடியட்டும்," என்றா. "மாமியின்ர காதில விழுந்தா எல்லாம் முடிஞ்சுது. கலியாணம் முடிஞ்சாப் பிறகு நான் சொல்லுவன்." என்னிடம் சொன்னாவா, தனக்கே சொன்னாவா தெரியாது.

அன்று பின்னேரமே அப்பாவுக்கு டொக்டர் சொன்னது போய்ச் சேர்ந்தது. பாதி மட்டும்: மூளையில பிழை இல்லை. கவனிச்சுப் படிப்பியுங்கோ. அப்பா அதுவரை தங்கச்சிமேல் கை வைக்காதவர். அதற்குப் பிறகு, வேலையால் வந்து தேத்தண்ணி குடித்ததும், பூவரசங்கம்பு ஒன்றோடு அவளை முன்னால் இருத்துவார்.

"மூளையில ஒண்டுமில்லையெண்டு டொக்டரே சொல்லிப்போட்டார். இது சோம்பேறித்தனம். எழுது, அ."

அவள் சிலேட்டை மணப்பாள். கம்பு விழும். குசினிக்குள் அம்மா தேங்காய் துருவுவா. அந்த நேரத்தில் மட்டும் துருவும் சத்தம் வழமையைவிடப் பெரிதாய் இருக்கும். துருவத் தேவையில்லாத நாட்களிலும் துருவினா. அடித்து முடித்ததும் அப்பா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏற்றத்தில் நடப்பார். கப்பல் காட்டுவார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் செய்ததை எழுதுவது இன்னும் கஷ்டம்.

ஆவணியில் சித்தியின் கலியாணம் சாம்பல்தீவில் நடந்தது. தங்கச்சிக்குப் பச்சைப் பட்டுப்பாவாடை. மாமி எல்லோருக்கும் அவளைக் காட்டி, "பள்ளிக்கூடம் போறாள். காதைத் தொடச் சொன்னாப் பூவை எடுத்துக் குடுத்த ஆள்," என்று பெருமையாகச் சொன்னா.

வீட்டுக்கு வந்த அடுத்த நாள் அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினா. அப்பா கம்பை எடுத்தபோது குசினியால் வந்து குறுக்கே நின்றா.

"அவளுக்கு ஏலாது. அடியாதேங்கோ. நான் டொக்டருக்குப் பொய் சொன்னனான். இவன்ர கதையை அவளின்ர எண்டு சொன்னனான். கொழும்புக்குக் கொண்டுபோகச் சொன்னவர்."

அப்பா கம்பை இறக்கவில்லை.

"நீ இப்பதான் பொய் சொல்லுறாய்," என்றார். "அடிக்கிறதைத் தடுக்க. பெத்த பிள்ளையைப் பயித்தியம் எண்டு சொல்லவும் வந்திட்டாய்."

"கடவுளாண உண்மை. வேணுமெண்டா இவனைக் கேளுங்கோ."

நான் ஓம் என்றேன். "உன்னைக் கொம்மா பழக்கி வைச்சிருக்கிறா," என்றார் அப்பா. "தலைமை ஆசிரியர் சோதிச்சு எடுத்தவர். டொக்டர் பாத்துச் சொன்னவர். படிச்ச ரெண்டு பேர் பிழை, நீ சரியோ? காதைத் தொட்டவள், எழுத மாட்டாளாமோ?"

அந்த இரண்டு பேரையும் நம்ப வைத்தது அம்மாதானே. பொய் அவ்வளவு திறமாய் வேலை செய்திருந்தது. அம்மா என்னையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு மறுபடி வைத்தியசாலைக்குப் போனா. அந்த டொக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாய் இருந்தவர் விரலைப் பார்த்து, "காயம் மாறிட்டுதே, இனி ஏன் வந்தனீங்கள்," என்றார்.

தங்கச்சி பாலர் வகுப்பிலேயே கிடந்தாள். பிறகு வந்த பிள்ளைகள் அவளைத் தாண்டிப் போனார்கள். ஒருநாள் பள்ளிக்கூடமே வேண்டாம் என்றது. வீட்டில் வைத்துக்கொண்டோம். யுத்தம் வந்தது, ஓடினோம், திரும்பி வந்தோம். அப்பா கடைசிவரை அவளைச் சோம்பேறி என்று நம்பியே போனார். அம்மா முற்றத்தில் ஒரு செவ்வரத்தை நட விடவில்லை.

இப்போது எல்லாம் இருக்கிறது. பிள்ளை எந்த மாதம் சிரிக்க வேண்டும், எப்போது விரலால் சுட்ட வேண்டும் என்று தாய்மாருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சொன்னதைச் செய்யவில்லை என்றால் ஏன் என்று கேட்கிறார்கள். வாசிக்கும்போது சந்தோசப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். முடிவதில்லை.

அண்மையில் தங்கச்சியை வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் இருக்கும்வரை பரவாயில்லை. எனக்குப் பிறகு அவளை ஒரு இல்லத்தில் ஏற்க வேண்டும் என்றால், அவளுக்கு என்ன என்று ஒரு வைத்தியர் சொல்லியிருக்க வேண்டுமாம். டொக்டர் சின்னப் பிள்ளை, என் மகளைவிட இளையவ. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டே என்னைக் கேட்டா.

"ஐயா, இவ எத்தினை வயதில நடந்தவ எண்டு ஞாபகம் இருக்கோ?"

"மூண்டு ஆகப் போகேக்க."

"முதல் கதைச்ச சொல்லு?"

"பூ. நாலு தாண்டி."

அவ நிமிர்ந்து பார்த்தா. "அப்ப சின்னனிலயே தெரிஞ்சிருக்குமே. ஒருதரிட்டயும் காட்டேல்லையோ?"

"காட்டினனாங்கள்."

"என்ன சொன்னவை?"

"கெட்டிக்காரி எண்டு சொன்னவை."

அந்தச் சொல் கேட்டதும் தங்கச்சி நிமிர்ந்தாள். அம்மா போன பிறகு அதை யாரும் அவளிடம் சொன்னதில்லை. வலது கை எழும்பியது. வயது வந்து தோள் இறுகிவிட்டது. விரல்கள் நரைத்த உச்சந்தலையோடு நின்றுவிட்டன. காது எட்டவில்லை. சிறிது நேரம் அங்கேயே தடவினாள். பிறகு கையை இறக்கி, விரித்து, ஒன்றுமில்லாத உள்ளங்கையை டொக்டரிடம் நீட்டினாள்.